நீல மூடி

என் அக்கா புருஷனுக்குச் சேற்றைக் கடித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கடலுக்கு அடியிலிருந்து எடுத்து வந்த சேற்றில் கடுகளவு கிள்ளி, முன்பற்களுக்கு நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல அரைப்பார். வெண்ணெயாக வழுக்கினால் களிமண். லேசாக நறநறத்தால் நுண்மணல். பல் கூசினால் எரிமலைச் சாம்பல். துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, அட்டையில் பென்சிலால் எழுதுவார். முப்பத்தோரு வருஷம் இதுதான் உத்தியோகம். பெண் பார்க்க வந்தபோது "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்ட எங்கள் பெரியப்பாவிடம், "மண்ணு திங்கிறார்" என்று நான்தான் சொன்னேன். முதுகில் ஒன்று விழுந்தது.

கடலாராய்ச்சிக் கூடத்தில் அவருக்குச் சேத்துக்காரர் என்று பெயர். நானும் அங்கேதான், குளிர் அறையின் மெக்கானிக். அந்த அறையை வருஷம் முழுக்க நாலு டிகிரியில் வைத்திருப்பது என் வேலை. அதற்குள் இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர் வேலை. என்னை அங்கே சேர்த்துவிட்டதே அவர்தான், அதனால் அவரிடம் எரிந்துவிழ எனக்கு உரிமை கிடையாது. ஆனாலும் விழுவேன். என் சுபாவம் அப்படி. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "கம்ப்ரசர் மாதிரி சத்தம் போடாதே மாப்ளே," என்பார், அவ்வளவுதான்.

அவருடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. கப்பலிலிருந்து நீளமான குழாயைக் கடலடியில் இறக்கிச் சேற்றைக் குத்தி எடுப்பார்கள். மேலே வந்ததும் ஒன்றரை மீட்டர் துண்டுகளாக அறுத்து, இரண்டு முனைக்கும் மூடி போடுவார்கள். மேல் பக்கத்துக்கு நீல மூடி, கீழ்ப் பக்கத்துக்கு வெள்ளை மூடி. பக்கவாட்டில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி, தேதி, நம்பர். கரைக்கு வந்ததும் ஒவ்வொரு துண்டையும் நெடுக்காகப் பிளந்து இரண்டு பாதியாக்குவார் மச்சான். ஒன்று வேலைப் பாதி, ஆராய்ச்சிக்காரர்கள் சுரண்டிச் சுரண்டி எடுத்துக்கொள்ள. மற்றது காப்புப் பாதி. அதை யாரும் தொடக் கூடாது. பின்னால் ஒரு நாள் சந்தேகம் வந்தால் பார்ப்பதற்காக அது அப்படியே கிடக்கும். மச்சான் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார். ஒருமுறை இயக்குநரே விரலை நீட்டியபோது "சார், கை" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். இயக்குநர் கையைப் பையில் போட்டுக்கொண்டார்.

சேற்றில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. கல்யாண போட்டோவில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, பொடிசுகள் தோளில் ஏறி நிற்பது மாதிரி. அதனால் எந்தப் பக்கம் மேல் என்பதுதான் முதல் கேள்வி. புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்று. "மேல ஆகாசம், அதனால நீலம். மேல் பக்கம் தெரியாத சேறு வெறும் சேறுதான். செருப்புல ஒட்டுனா தொடச்சிட்டுப் போயிடலாம்."

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, இவரும் சேற்று டாக்டர்தான். எனக்கு அவரைப் பிடிக்காது. குளிர் அறைக் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு வாசலில் நின்று பேசுவார். உள்ளே என் கம்ப்ரசர்களுக்கு மூச்சு வாங்கும். "அம்மா, கதவு!" என்று கத்தினால், "ஆமா, ஆமா" என்பார், மூட மாட்டார். ஆனால் மச்சானுக்கு அவர் என்றால் உயிர். பெரிய படிப்பு படித்தவர்களில் அவர் ஒருவர்தான் இவரை "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டவர். அவருக்கும் சேற்றைக் கடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார் மச்சான். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வாயை அசைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் ஆடு மாடு அசைபோடுகிற மாதிரி இருக்கும்.

அந்த அம்மாவின் வாழ்நாள் ஆராய்ச்சி இதுதான். ஐந்து கோடி வருஷத்துக்கும் முன்னால் பூமி ஓரிடத்தில் பிளந்துகொண்டது. சினிமாவில் வருகிற மாதிரி ஒரு மலையுச்சியில் புகை என்று நினைக்காதீர்கள். நீள நீளமாகத் தரை கிழிந்து, நெருப்புக் குழம்பு ஆயிரக்கணக்கான வருஷம் வழிந்தது. முதலில் புகை வெயிலை மறைத்துக் கொஞ்ச காலம் குளிர். புகை படிந்துவிட்டது, கூடவே வந்த கரியமில வாயு படியவில்லை. அது காற்றிலேயே தங்கி பூமிக்குக் கம்பளி போர்த்தியது. கடல் சூடேறியது. கடல் சூடேறினால் என்ன ஆகும் என்று குளிர்சாதன மெக்கானிக்கைக் கேளுங்கள், புரொபசரைவிடச் சுருக்கமாகச் சொல்வேன்: சூடான தண்ணீரில் காற்று நிற்காது. வெயிலில் வைத்த சோடா மாதிரிதான். பேய்மழை கரையிலிருந்த சத்தையெல்லாம் கடலுக்குள் அடித்துக்கொண்டு போனது. பாசி மண்டியது. மண்டிய பாசி செத்து அழுகி, மிச்சமிருந்த காற்றையும் குடித்துவிட்டது. வாயு கரைந்து தண்ணீரே புளித்துப்போய்ச் சிப்பி ஓடுகள் கரைந்தன. அடிக்கடல் மூச்சு முட்டிச் செத்தது. அந்தச் சாவு சேற்றில் ஒரு சாண் கனத்துக்குக் கறுப்புப் பட்டையாகக் கிடக்கிறது. ஒரு புழு ஊர்ந்த தடம்கூட அதில் கிடையாது.

முதலில் எரிமலை, அப்புறம் கடலின் சாவு. உலகத்தில் உள்ள அத்தனை பேரும் சொல்வது அதுதான். டாக்டரம்மா மட்டும் இல்லை என்றார். அவர் கையில் ஒரு குழாய் இருந்தது. குளிர் அறை அலமாரியில் ஒன்பதாம் அடுக்கு, நாற்பத்தேழாம் நம்பர். சாம்பலும் கறுப்புப் பட்டையும் அடுத்தடுத்துச் சுத்தமாகக் கிடைத்த ஒரே குழாய் அப்போது அதுதான். அதில் கறுப்பு கீழே இருந்தது, விரல் கனச் சாம்பல் மேலே இருந்தது. கடல் முதலில் செத்தது, எரிமலை அப்புறம்தான் வந்தது, வேறு கொலைகாரனைத் தேடுங்கள் என்று எழுதினார். இருபத்திரண்டு வருஷம் அதையே எழுதினார். கூட்டங்களில் சிரித்தார்கள். தலைவர் பதவி இரண்டு முறை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது. அவரிடம் சேர்ந்த மாணவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். "மண்ணு சொல்றதத்தான் நான் சொல்றேன்," என்பார் அந்த அம்மா. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். கடைசியில் ஓய்வுக்கு இரண்டே மாதம் இருந்தது. அதற்கு முன் பெரிய அரங்கில் விடைபெறும் உரை. பழைய எதிரிகள் எல்லாரும் வருவதாக இருந்தது.

அப்போதுதான் புதுக் குழாய்கள் வந்து இறங்கின. வேறொரு கப்பல் அதே கடலில், பழைய துளைக்குப் பக்கத்திலேயே இன்னொரு துளை போட்டிருந்தது. மச்சான் பிளந்தார். நான் விசிறியைச் சரிபார்க்க உள்ளே போயிருந்தேன்.

"மாப்ளே, இங்க வா," என்று சிரித்தார். "பசங்க மூடிய மாத்திப் போட்டுட்டானுங்க. ஆகாசத்தைக் கீழ வெச்சிருக்கானுங்க பாரு."

பார்த்தேன். சாம்பல் கீழே, கறுப்பு மேலே. டாக்டரம்மாவின் குழாய்க்கு நேர் எதிர்.

"கப்பல்ல தூங்கிட்டு வேலை பாத்தா இப்படித்தான்," என்றேன் நானும்.

அவர் சாம்பல் கோட்டில் மூன்று இடத்தில் கிள்ளினார். சாம்பல் கடலில் விழும்போது கனமான துகள் முதலில் அடியில் போய் உட்காரும், மாவு மாதிரி இருப்பது கடைசியாக வந்து மேலே படியும். அதனால் அடிப்பக்கம் கரகரப்பாக, மேல்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும். குழாய் தலைகீழ் என்றால் இது மாறி இருக்கும். கடித்தார். துப்பினார். மறுபடி கடித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. கரகரப்பு அடியில்தான் இருந்தது. பசங்கள் சரியாகத்தான் மூடியிருந்தார்கள்.

நேராக ஒன்பதாம் அடுக்குக்குப் போனார். நாற்பத்தேழின் வேலைப் பாதியை இழுத்தார். இருபத்திரண்டு வருஷமாக ஆளாளுக்குக் கரண்டியால் வழித்துப் போனதில், சாம்பல் இருந்த இடம் எலி கடித்த ரொட்டியாக இருந்தது. கடிக்க மிச்சம் இல்லை. அப்புறம் அவர் செய்ததை நான் அதுவரை பார்த்ததில்லை, இனியும் பார்க்கப் போவதில்லை. காப்புப் பாதியை வெளியே எடுத்தார். பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். மேலே ஒரு கிள்ளு, கீழே ஒரு கிள்ளு.

மேலே கரகரப்பு. கீழே மாவு.

"நல்லாக் கடிச்சுப் பாருங்க," என்றேன். அவர் பல் கடிபடும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு குழாயின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டு அம்புக்குறியைப் பார்த்தார். அவர் போட்டது. அவருடைய எழுத்து. பக்கத்தில் தேதி. நானும் எட்டிப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். அந்தத் தேதியை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

யாருக்கும் இத்தனை வருஷம் தெரியாமல் எப்படிப் போனது என்று கேட்பீர்கள். தெரிந்திருக்க வேண்டியதுதான். சேற்றிலுள்ள இரும்புத் துகளின் காந்தமும் மேல் கீழைக் காட்டும், அந்தத் துண்டில் அந்த அளவு சரியாக வரவில்லை. சேறு கலங்கிவிட்டது என்று எழுதிவிட்டார்கள். மேல் துண்டோடும் கீழ்த் துண்டோடும் நிறம் ஒட்டவில்லை. நடுவில் கொஞ்சம் நழுவிப்போச்சு என்று எழுதிவிட்டார்கள். மூடி போட்டது மச்சான், அவர் தப்பு பண்ண மாட்டார். இது எல்லாருக்கும் தெரியும். யானைக்கும் அடி சறுக்கும் என்பதெல்லாம் பழமொழிக்குத்தான், யார் நம்புகிறார்கள்?

குட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்காவின் ஒரே பெண். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அதற்கு நாலு வயசு. மச்சானுக்கு முன்னால் உட்கார்ந்து, பிஸ்கட்டை முன்பல்லில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அரைத்து, "களிமண்ணு" என்று தீர்ப்புச் சொல்லும். நான் வாங்கிக் கொடுத்த மிட்டாயைக்கூட "சாம்பல்" என்று துப்பியிருக்கிறது, கழுதை. மச்சானுக்கு அப்போது ஒன்பதாவது வருஷமாக டெம்பரரி வேலை. ஒருமுறை கப்பலில் போய் வந்தால் பர்மனென்ட் என்று இயக்குநர் வாய்ச்சொல் கொடுத்திருந்தார். நாற்பத்தைந்து நாள் பயணம். போனார். கப்பல் ஏறிய மூன்றாம் நாள் குட்டிக்கு ஜுரம் வந்தது, ஆறாம் நாள் காலையில் போய்விட்டது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். என் அக்கா இப்படித்தான் சொல்வாள்: மூன்றாம் நாள் வந்தது, ஆறாம் நாள் போனது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு எழுத்து மாறாமல் சொல்வாள். மச்சான் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். "நான் கெளம்பும்போது நல்லாத்தானே இருந்தா," என்பார். "ஆமாங்க, நல்லாத்தான் இருந்தா," என்பாள்.

ஆறாம் நாள் நடுப்பகலில் கப்பலுக்குச் செய்தி போனது. மச்சான் மேல்தளத்தில், கையில் மூடியோடு நின்றுகொண்டிருந்தார். வயர்லெஸ் அறையிலிருந்து காகிதத்தை எடுத்து வந்து கொடுத்தவர் டாக்டரம்மா. அப்போது அவருக்கு இளம் வயசு, முதல் பயணம். படித்தார் மச்சான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு உட்கார்கிறேன் என்றாராம். மூடி போட்டார். அம்பு வரைந்தார். நம்பர் எழுதினார். நாற்பத்தேழு.

கப்பல் திரும்பாது. நடுக்கடலில் யாருடைய குழந்தைக்காகவும் கப்பல் திரும்பாது. மீதி முப்பத்தொன்பது நாளும் அவர் மூடி போட்டார். அந்த ஒன்றைத் தவிர எல்லாமே சரியாக இருந்தன. வந்ததும் வேலை பர்மனென்ட் ஆனது. வேறு பிள்ளை பிறக்கவில்லை.

குளிர் அறையில் அன்று நான் அவரிடம் சொன்னதை மறைக்கவில்லை. "உறைய ஒட்டிட்டு உள்ள தள்ளுங்க மச்சான். நீங்க பாக்கல, நான் பாக்கல."

"புதுக் குழாய் இருக்கே."

"அத அவங்க ஆராய்ச்சி பண்ணி முடிக்க ஆறு மாசம் ஆவும். அதுக்குள்ள அந்தம்மா ரிட்டயர் ஆகி வீட்டுக்குப் போயிடுவாங்க. நிம்மதியாப் போகட்டும்."

"மேடையில நின்னு இதே குழாயத்தான் காட்டப் போறாங்க. ஆறு மாசம் கழிச்சு ஊரே கை கொட்டிச் சிரிக்கும். அதுக்கு முன்னாடி என் வாயால கேட்டுக்கட்டும்."

"கேட்டா செத்துடுவாங்க மச்சான்! இருபத்திரண்டு வருஷம்! இதுக்காக எத்தனை பேர்கிட்ட ஏச்சும் பேச்சும் வாங்கியிருக்காங்க!"

"தெரியும்," என்றார். குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதா?"

பதினோரு நாள் சொல்லாமல் இருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. அக்கா என்ன என்று கேட்டதற்குப் பல்வலி என்றார். உரைக்கு நாலு நாள் இருக்கும்போது டாக்டரம்மா தானாகவே வந்தார், மேடையில் காட்டுவதற்கு நாற்பத்தேழைப் படம் எடுக்க வேண்டும் என்று. வழக்கம்போல் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றார். நான் கதவு என்று கத்த வாயைத் திறந்தேன், மச்சான் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"அம்மா, இதக் கொஞ்சம் கடிச்சுப் பாருங்க," என்றார். காப்புப் பாதியிலிருந்து இரண்டு கிள்ளு. "இது மேல. இது கீழ."

"காப்புப் பாதியவா கிள்ளுனீங்க? நீங்களா?" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டார். முதல் கிள்ளு. இரண்டாவது கிள்ளு. வாய் அசைவது நின்றது. மச்சான் புதுக் குழாயை இழுத்துக் காட்டினார். ஒன்றும் விளக்கவில்லை. அந்த அம்மாவுக்கு விளக்க வேண்டியதும் இல்லை.

"நானே கடிச்சுப் பாத்திருக்கலாம்," என்றார் டாக்டரம்மா. "முதல் வருஷமே. சாம்பல் அவ்வளவு இருந்துச்சே அப்ப."

"மூடி போட்டது நான். என் தப்பும்மா."

அவர் குனிந்து தேதியைப் பார்த்தார். கப்பலில் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவருக்கு அந்தத் தேதி மறக்குமா? மச்சானைத் திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசியிருப்பேன். அவர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்து, "உங்கள அப்பவே நான் உக்கார வெச்சிருக்கணும். மூடிய என் கைல வாங்கியிருக்கணும்," என்றார். பிறகு எழுந்து போனார். போகும்போது கதவை மூடிவிட்டுப் போனார். முதல் தடவையாக.

உரை நடந்தது. நான் பின்வரிசையில் நின்றேன். மூன்றே நிமிஷம். தன் குழாய் தலைகீழாக இருந்தது என்றும், அதை வைத்து எழுதிய எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், சரிபார்க்காதது தன் குற்றம் என்றும் சொன்னார். மூடி போட்டவர் யார் என்று சொல்லவில்லை. எங்கோ ஒருவர் சிரித்தார், பிறகு பலர். "இருபது வருஷமா தலைகீழா நின்னு தவம் பண்ணியிருக்காங்க" என்று எனக்கு முன்னால் இருந்த ஒரு தொப்பைக்காரர் சொன்னார். அவர் சட்டைக் காலரைப் பிடிக்க என் கை போனது, மச்சான் பிடித்து நிறுத்தினார். அவர் கை நாலு டிகிரியில் இருந்தது. அந்த அம்மா அறையைக் காலி செய்துவிட்டு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. மச்சான் இரண்டு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை.

உரை நடந்த அன்று சாயங்காலம் மச்சானோடு நானும் அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா ஜன்னலோரம் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் தொழில். மச்சான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று எல்லாவற்றையும் சொன்னார். தேதியையும் சொன்னார். வீட்டில் முதல் முறையாக. "வரிசைய மாத்தி வெச்சது நான்தான்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். சொல்லாம இருந்தா நான் மனுஷனே இல்ல," என்றார்.

மெஷின் நின்றது. அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், துணியை மடித்தாள், மடியில் வைத்துக்கொண்டாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள். "மூணாம் நாள் இல்லீங்க. நீங்க கெளம்புன அன்னிக்குக் காலையிலயே குட்டிக்கு ஜுரம். தொட்டுப் பாத்தேன். சொன்னா நீங்க போக மாட்டீங்க. போகலன்னா இன்னும் எத்தனை வருஷம் டெம்பரரியோன்னு நெனச்சேன். சாதாரண ஜுரம், ரெண்டு நாள்ல எறங்கிடும்னு நெனச்சேன். நெனச்சேங்க."

"இல்ல," என்றார் மச்சான். "நான் இன்னிக்கு இருக்கற இருப்பப் பாத்து நீ எனக்காகச் சொல்றே. பாரத்தப் பாதி வாங்கிக்கலாம்னு பாக்கறே. குட்டி நல்லாத்தான் இருந்தா."

"இல்லீங்க."

"நல்லாத்தான் இருந்தா!"

அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதிலிருந்து தினமும் கேட்க ஆரம்பித்தார். ஜுரம் நான் பல் தேய்க்கும்போதா, பெட்டி கட்டும்போதா? நெற்றி சுட்டதா, வயிறு சுட்டதா? அவளுக்கு முகம் கழுவிவிட்டதற்கு முன்னாடியா, அப்புறமா? அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சொன்ன பதிலையே மறுநாளும் சொன்னாள். ஒரு வாரத்தில் அவள் பாதியாக இளைத்துவிட்டாள். எனக்கு போன் பண்ணி, "திட்டக்கூட மாட்டேங்கறாருடா. கேக்கறாரு, அவ்வளவுதான். எழுதி வெச்சுக்கறாருடா," என்று அழுதாள்.

அடுத்த திங்கட்கிழமை மதியம் இயந்திர அறைக்கு வந்தார். நான் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். ஸ்வெட்டர் இல்லை, குல்லாய் இல்லை. கையில் அட்டையும் பென்சிலும்.

"வேலைப் பாதிய மட்டும் பாத்துட்டு நான் எதையும் எழுதறதில்ல, உனக்குத் தெரியும்ல?" என்றார்.

"என்ன மச்சான் சொல்றீங்க?"

"உங்க அக்கா சொல்லிட்டா. இருபத்திரண்டு வருஷமா நானும் அவளும் பேசிப் பேசித் தேய்ச்ச கதை அது. எது நெஜம்னு அவளுக்கே இப்பத் தெரியுமோ தெரியாதோ. உன்கிட்ட யாரும் கேட்டதில்ல. நீ அப்படியே இருக்கே. காப்புப் பாதி." அட்டையை ஏணிப்படியில் வைத்தார். "அன்னிக்கு என் ரெண்டு கையிலயும் பெட்டி. வண்டியில ஏறுனதுலேருந்து துறைமுக வாசல் வரைக்கும் குட்டி உன் தோள்லதான் தூங்குனா. எழுப்பாதீங்கன்னு உங்க அக்கா சொன்னா. நான் அவ காலத்தான் தொட்டேன். சாக்ஸ் போட்டிருந்தா. எனக்கு ஒண்ணும் தெரியல." பென்சிலை அட்டைமேல் ஊன்றினார். "உனக்குத் தெரிஞ்சுதா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். எதிலும் வாயை அடக்கத் தெரியாதவன், எதற்கெடுத்தாலும் எகிறிக் குதிக்கிறவன், இந்த ஒன்றில் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தேன். பொய் சொல்ல நினைத்தேன். இப்போது ஒரு பொய் சொன்னால் அக்காவின் வார்த்தை பொய்யாகும், அவர் பழையபடி "நல்லாத்தான் இருந்தா" என்று பிடித்துக்கொள்வார், தூங்குவார். ஆனால் பதினோரு நாள் பல்வலி என்று சொல்லிப் பட்டினி கிடந்த மனுஷன் எதிரில் நிற்கிறார்.

"சுட்டுச்சு மச்சான்," என்றேன். "அவ கன்னம் என் கழுத்துல இருந்துச்சு. கொதிச்சுது. அக்கா என்னப் பாத்தா, நான் பேசாம இருந்துட்டேன்."

அவர் எழுதவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அட்டையை எடுத்துக்கொண்டு, வாசல் வரைக்கும் போனார். அங்கே நின்றார்.

"நான் கப்பல் மேல ஏறி, கம்பியப் புடிச்சிட்டு, வாசல்ல நின்ன உங்களப் பாத்துட்டுத்தானே நின்னேன்," என்றார். "நீ ஒரு கையாட்டிக் கூப்பிட்டிருந்தா எறங்கியிருப்பேனே மாப்ளே."

எறங்கியிருப்பார். கப்பலின் ஏணியை எடுக்க அன்றைக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அவர் கையாட்டினார், நான் தூங்குகிற குழந்தையின் கையைப் பிடித்து அவருக்கு டாட்டா காட்டினேன்.